மூன்று வருடம் சரி, எந்தத் தேதியிலிருந்து?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா 14.06.2021 அன்று தெரிந்தவர் ஒருவருக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன் கொடுத்து, புரோநோட்டு எழுதி வாங்கியிருக்கிறார். வாங்கியவர் 02.02.2023 அன்று 20,000 ரூபாய் வட்டி கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். 2024 மார்ச்சில் அப்பா தவறிவிட்டார். அந்த வருடம் ஆகஸ்டில் அம்மாவுக்கு ஜிபேயில் 10,000 ரூபாய் வந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை. போன மாதம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. “நோட்டீஸ் போயிடுச்சு, இனிமே கெடு ஓடாது. தம்பி வேற மைனரு, அவனுக்கு 18 முடிஞ்சு மூணு வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம்” என்கிறார் மாமா. இது சரியா என்பது கேள்வி.

மாமா சொன்ன இரண்டுமே தவறு. நீங்கள் எழுதிய விவரப்படி, வழக்கு தாக்கல் செய்ய உங்களுக்குக் கடைசி நாள் 02.02.2026, திங்கட்கிழமை. நான் இதை எழுதுவது டிசம்பர் 2025-இல். இடையில் கிறிஸ்துமஸ் விடுமுறை வருகிறது, பொங்கல் விடுமுறை வருகிறது. முதலில் வக்கீலைப் பார்த்து நாள் குறித்துவிட்டு வாருங்கள். ஏன் எதற்கு என்பதை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

கடன் வழக்குக்கு மூன்று வருடம் என்று டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். இருபது வருடத்துக்கு மேல் சிவில் பக்கம் நிற்கிறேன். கெடு தப்பி என்னிடம் வந்தவர்களில் மூன்று வருடம் என்பது தெரியாமல் வந்தவர் எவரும் நினைவில் இல்லை. எண்ணத் தொடங்க வேண்டிய தேதியைத்தான் எல்லோரும் மாற்றிப் பிடித்திருந்தார்கள்.

இந்தக் கெடுவைச் சொல்வது 1963-ஆம் வருடத்துக் காலவரம்புச் சட்டம். கோர்ட் வளாகத்தில் லிமிடேஷன் ஆக்ட் என்றால்தான் தெரியும். 1859-இல் ஒன்று, 1908-இல் ஒன்று என்று வந்து, இப்போதுள்ளது 01.01.1964 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தின் முன்பகுதியில் 32 பிரிவுகள். பின்னால் 137 இனங்கள் கொண்ட நீண்ட அட்டவணை. அந்த இனங்களை ஆர்ட்டிகிள் என்போம். அட்டவணையில் மூன்று கட்டங்கள்: என்ன வழக்கு, எத்தனை காலம், எப்போதிலிருந்து. நடுக் கட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மூன்றாவது கட்டத்தை விட்டுவிடுவதில்தான் பாதிக் குடும்பங்களின் பணம் போகிறது.

புரோநோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். “தாங்கள் கேட்கும்போது அசலும் வட்டியும் சேர்த்துத் தந்து நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்” என்று எழுதியிருக்கும். படிக்கிறவர் என்ன நினைப்பார்? நான் கேட்டு, அவன் இல்லை என்று சொன்ன நாளிலிருந்து மூன்று வருடம் என்றுதானே? ஆனால் ஆர்ட்டிகிள் 35, நோட்டு எழுதிய தேதியிலிருந்து என்கிறது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் கொடுத்த மறு நிமிடமே கேட்கும் உரிமை வந்துவிட்டது. கேட்காமல் இருந்தது உங்கள் இஷ்டம் என்பது சட்டத்தின் கணக்கு. நோட்டு இல்லாத கைமாற்றுக்கும் இதே கதிதான், பணம் கொடுத்த தேதியிலிருந்து மூன்று வருடம். நோட்டில் இன்ன தேதியில் தருகிறேன் என்று தவணை போட்டிருந்தால் அந்தத் தேதி வந்த பிறகு எண்ணலாம். கடனாக இல்லாமல், கேட்கும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவரிடம் போட்டு வைத்த டெபாசிட் பணத்துக்கு மட்டும் ஆர்ட்டிகிள் 22-இன்படி கேட்ட நாளிலிருந்து கணக்கு. கடனா டெபாசிட்டா என்று வருடக்கணக்கில் சண்டை போடுவது இதற்காகத்தான்.

உங்கள் நோட்டின் சொந்தக் கெடு அப்படிப் பார்த்தால் 14.06.2024-இல் முடிந்திருக்கும். கொரோனா காலத்தை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கும்: 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களை எந்தக் கெடுவிலும் சேர்க்கக் கூடாது என்று 10.01.2022 உத்தரவு சொல்கிறது. அந்தச் சலுகையைக் கூட்டினாலும் 2025 பிப்ரவரி முடிவோடு கதை முடிந்திருக்கும். உங்களை இன்று காப்பாற்றி வைத்திருப்பது நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு வரி வரவுதான்.

சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்வது இது: கெடு முடிவதற்குள் கடன்காரர் அசலில் ஒரு பகுதியோ வட்டியோ கொடுத்து, கொடுத்ததற்கு அவர் கைப்பட எழுதியதோ அவர் கையெழுத்திட்டதோ ஏதாவது எழுத்து இருந்தால், பணம் கொடுத்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம். இருபதாயிரம் கொடுத்தாலும் இருநூறு கொடுத்தாலும் ஒன்றுதான். 02.02.2023 அன்று வரவு, அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு, ஆக 02.02.2026.

இதில் சறுக்குகிற இடத்தை ஒரு நோட்டை வைத்தே காட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன் மளிகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாளிதழ்த் துண்டு, அதற்குள் நோட்டு. மடித்த கோடுகளில் கிழிய ஆரம்பித்திருந்தது. பின்பக்கம் ஏழு வரவுகள் வரிசையாக இருந்தன. பார்த்தவுடன் எனக்கும் சந்தோஷம்தான், இவ்வளவு ஒழுங்காக எழுதி வாங்கியிருக்கிறாரே என்று. தேதிகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டு வந்தேன். நான்காவது வரவு 08.08.2013. ஐந்தாவது 19.08.2016. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல் பதினோரு நாள். 08.08.2016 அன்றே அந்த நோட்டின் கெடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் எழுதிய மூன்று வரவும் வெறும் மை. ஆடி மாதம் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், ஆவணி பிறந்ததும் தருகிறேன் என்று சொன்னானாம். இவரும் சரி என்றிருக்கிறார். ஆவணி பிறந்து மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தும் இருக்கிறான். அவன் ஏமாற்ற நினைத்து அப்படிச் செய்ததாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. வழக்கு என்று வந்ததும் அவனுடைய வக்கீல் எடுத்துக்கொண்ட முதல் விஷயம் அந்தப் பதினோரு நாள்.

கெடு முடிந்த கடனுக்கு வழியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)-இன்படி, காலங்கடந்த கடனையும் தருகிறேன் என்று கடன்காரர் எழுத்தில் புதிதாக வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டால் அது செல்லும். “தருகிறேன்” என்ற வாக்கு அதில் இருக்க வேண்டும். “வட்டி வரவு ரூ. 5,000” என்பதில் வாக்கு எதுவும் இல்லை. அந்தப் பெரியவர் ஐந்தாவது வரவுக்குப் பதிலாக அன்றே புது நோட்டாக மாற்றி எழுதி வாங்கியிருந்தால் பிழைத்திருப்பார். நம் ஊரில் மூன்று வருடம் நெருங்கும்போது நோட்டு மாற்றிக்கொள்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது சும்மா வந்ததில்லை.

18-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: பணமே கொடுக்காமல், கெடுவுக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும் புதுக் கெடு. தொகையைச் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. “வாங்கியது உண்மை, ஆனால் தர முடியாது” என்று எழுதினாலும் போதும். வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் இருந்தாலும் போதும். அவர் அதிகாரம் கொடுத்த ஏஜென்ட் கையெழுத்திட்டாலும் செல்லும். ஆகவே உங்கள் நோட்டீசுக்கு அவர் தரப்பிலிருந்து பதில் வந்தால் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். அந்தப் பதிலில் ஒரு வரி உங்களுக்குப் பயன்படலாம். வாய்வார்த்தைக்கு மட்டும் எந்த மதிப்பும் இல்லை. பத்துப் பேர் பஞ்சாயத்தில் சத்தியம் செய்தாலும் கெடுவைப் பொறுத்தவரை அது காற்றோடு போனதுதான்.

இருவர் சேர்ந்து எழுதிய நோட்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. ஒருவர் மட்டும் வரவு எழுதிக் கையெழுத்திட்டால், அதை வைத்து மட்டும் மற்றவரைப் பிடிக்க முடியாது.

இனி மாமாவின் நோட்டீஸ் கதை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் கெடு ஒரு நாள்கூட நீளாது. அரசாங்கத்தின் மேல் வழக்கென்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். சட்டமே காத்திருக்கச் சொல்வதால் அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். தனியார் ஒருவருக்கு அனுப்பும் நோட்டீஸ் நம் விருப்பத்துக்கு அனுப்புவது. போலீசில் கொடுத்த புகார், புகாரைப் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, ஸ்டேஷனில் வைத்துப் பேசிய சமரசம் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். ஸ்டேஷனில் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் இருந்தால் மட்டும் 18-ஆம் பிரிவுக்குள் கொண்டுவரப் பார்க்கலாம்.

ஜிபேயில் வந்த 10,000 ரூபாய்க்கு வருவோம். அதை வரவாகக் காட்டினால் 2027 ஆகஸ்ட் வரை நேரம் கிடைக்குமே என்று தோன்றும். 19-ஆம் பிரிவு கேட்பது, கொடுத்தவரின் கைப்பட்ட எழுத்து அல்லது கையெழுத்து. செக்காகக் கொடுத்திருந்தால் செக்கிலேயே அவர் கையெழுத்து இருக்கும். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டில் இருப்பது பேங்க் எழுதிய வரி. மின்னணுப் பதிவையும் கையொப்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது, வாதாடவும் செய்வோம். ஆனால் உறுதியான தேதி ஒன்று கையில் இருக்கும்போது வாதத்தை நம்பி அதைத் தாண்ட விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. வழக்குரையில் அந்தப் பத்தாயிரத்தையும் சொல்லுங்கள், ஆனால் 02.02.2026-க்குள் தாக்கல் செய்துவிட்டுச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் “அடுத்த மாசம் செட்டில் பண்றேன்” என்று வந்த செய்தியும் அப்படித்தான். சாட்சியமாக வைத்துக்கொள்ளுங்கள், கெடுவுக்கு அதில் சாய வேண்டாம்.

மைனர் விஷயத்தில் மாமா பாதி கேள்விப்பட்டிருக்கிறார். வழக்குப் போடும் உரிமை பிறக்கும்போது உரிமைக்காரர் மைனராக இருந்தால், மேஜரான பிறகு அவருக்குக் காலம் உண்டு என்கிறது 6-ஆம் பிரிவு. அந்தச் சலுகையும் மூன்று வருடத்துக்கு மேல் போகாது என்று 8-ஆம் பிரிவு கட்டுகிறது. உங்கள் விஷயத்தில் உரிமை பிறந்தது அப்பாவுக்கு. அவர் உயிரோடும் தெளிவோடும் இருந்தபோதே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒருமுறை ஓடத் தொடங்கினால் பின்னால் வரும் எந்த இயலாமையும் அதை நிறுத்தாது என்கிறது 9-ஆம் பிரிவு. அப்பா இறந்ததால் நிற்காது, தம்பி மைனர் என்பதாலும் நிற்காது. தம்பியை அம்மா கார்டியனாக இருந்து வாதியாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா இல்லாததால் இன்னொரு வேலை இருக்கிறது. இறந்தவருக்கு வர வேண்டிய கடனுக்கு வாரிசுகள் வழக்குப் போட்டால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 214-ஆம் பிரிவின்படி சக்சஷன் சர்டிபிகேட் காட்டாமல் கோர்ட் தீர்ப்பாணை கொடுக்காது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேறு. இது கோர்ட்டில் மனுப் போட்டு வாங்குவது, மாதக்கணக்கில் ஆகும். இதைக் கேட்டதும் சிலர் முதலில் அதை வாங்கிவிட்டு வழக்குப் போடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி உட்காராதீர்கள். சட்டம் தடுப்பது தீர்ப்பாணையைத்தான், தாக்கலை அல்ல. வழக்கை இப்போதே போட்டுவிட்டு, சர்டிபிகேட்டுக்கு இணையாக மனுப் போடுங்கள். தீர்ப்புக்கு முன் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

தாக்கல் பற்றியும் இரண்டு வார்த்தை. அசல் மூன்று வருடம் தாண்டி வழக்கு உயிரோடு இருப்பதற்கான காரணத்தை வழக்குரையிலேயே எழுத வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 6. 14.06.2021 நோட்டு, 02.02.2023 வரவு, வரவில் அவர் கையெழுத்து, ஆகவே கெடுவுக்குள் இருக்கிறது என்று ஒரு பத்தி கண்டிப்பாக இருக்கட்டும். வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 2017 முதல் 3 சதவீதம். அதற்கு முன்பு இருந்த 7.5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை. அந்தப் பணம் முழுதாகப் புரளவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். குறையும் கட்டணத்தைப் பின்னால் கட்ட கோர்ட் அனுமதிக்கலாம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 149-ஆம் பிரிவு இருக்கிறது. அனுமதிப்பது நீதிபதியின் விருப்பம் என்பதால் கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுவதே நல்லது.

கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணம் பிளைன்ட் ரிட்டர்ன், அதாவது வழக்குரையைத் திருப்பிக் கொடுப்பது. தாக்கல் செய்ததும் ஆபீசில் பார்த்து, அட்டவணை சரியில்லை, நகல் குறைகிறது என்று ஏதாவது குறிப்பு எழுதித் திருப்புவார்கள். குறித்த நாளுக்குள் சரிசெய்து கொடுத்தால் பழைய தாக்கல் தேதியே நிற்கும். அந்தக் கட்டு வக்கீல் ஆபீஸ் பீரோவில் ஆறு மாதம் தூங்கினால் தாமத மன்னிப்பு மனு, அதற்கு எதிர்ப்பு என்று புதுத் தலைவலி. தாக்கல் செய்தாயிற்றா என்று கேட்பதோடு நிறுத்தாமல் வழக்குக்கு நம்பர் ஆயிற்றா என்று கேளுங்கள். வக்கீலுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

தாமத மன்னிப்பு என்றதும் பலருக்கு ஒரு நம்பிக்கை பிறக்கும். 5-ஆம் பிரிவின்படி தாமதத்தை மன்னிப்பது அப்பீலுக்கும் மனுக்களுக்கும் மட்டும்தான். தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்கும் மனுவுக்கு அதுவும் கிடையாது. புதிதாகப் போடும் வழக்குக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஒரு நாள் பிந்தினாலும், உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று எந்தச் சான்று காட்டினாலும் உதவாது. எதிராளி கெடுவைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும், 3-ஆம் பிரிவு அப்படிக் கட்டாயப்படுத்துகிறது. கெடு முடிகிற நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் மட்டும் திறக்கும் நாளில் போடலாம். மே மாத விடுமுறையில் முடிந்தால் ஜூனில் திறக்கிற முதல் நாள். அதற்கு மறுநாள் போனால் போனதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். பழைய நோட்டுகளில் “விகாரி வருஷம் ஆவணி மாதம் 12-ந் தேதி” என்றெல்லாம் இருக்கும். எந்தக் காலண்டரில் எழுதியிருந்தாலும் ஆங்கிலத் தேதிப்படிதான் கணக்கு என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்து மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் கடன் நோட்டை விட நிலமும் வீடும் வைத்துக்கொண்டு இதே சந்தேகத்தில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் தொட்டுவிடுகிறேன்.

கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்தவர், கிரயம் செய்து தராவிட்டால் ஏற்றதை ஆற்றும் பரிகாரம், அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தர உத்தரவு, கேட்டு வழக்குப் போட மூன்று வருடம். ஒப்பந்தத்தில் ஆறு மாதம், பதினோரு மாதம் என்று கெடு போட்டிருந்தால் அந்தக் கெடு முடிந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். தேதியே போடாவிட்டால், தர மாட்டேன் என்று சொன்னது தெரிந்த நாளிலிருந்து. இந்த இடத்தில் மூன்று வருடத்தை முழுசாக நம்புவதும் ஆபத்து. மதுரையில் ஒரு வீடு, 1978 டிசம்பரில் ஒப்பந்தம், ஆறு மாதக் கெடு. அட்வான்ஸ் கொடுத்தவர் இரண்டரை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, 1981-இல் நோட்டீஸ் விட்டு, மூன்று வருடத்துக்குள்தான் வழக்கும் போட்டார். 1997-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் கிடையாது என்றது. நகரத்தில் சொத்து விலை ஏறிக்கொண்டே போகும்போது, கெடு போட்டு எழுதிய ஒப்பந்தத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு விலை ஏறிய பிறகு வருவதை ஏற்க முடியாது என்பது சாரம். சென்னைப் பக்கத்து நிலம் பற்றிய 2011 தீர்ப்பு ஒன்றிலும் இதையே திரும்பச் சொன்னது. அட்டவணையில் இருக்கும் மூன்று வருடம் கதவு திறந்திருக்கும் நேரம். உள்ளே போனவருக்குக் கேட்டது கிடைக்க அவர் ஆரம்பத்திலிருந்தே பணத்தோடு தயாராக இருந்தார் என்பதும் தெரிய வேண்டும்.

நிலத்தில் இன்னொரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கடனில் கெடு முடிந்தால் கோர்ட்டுக்குப் போகும் வழி மட்டும் அடைபடும், கடன் சாகாது. மனசாட்சிக்குப் பயந்து அவராகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், காலங்கடந்த கடன் என்று சொல்லித் திருப்பிக் கேட்க முடியாது. நிலத்தில் அப்படி இல்லை. சுவாதீனம், அதாவது நிலத்தைத் திரும்பக் கைவசம், கேட்டு வழக்குப் போடும் 12 வருடம் முடிந்தால் நிலத்தின் மேல் இருந்த உரிமையே அணைந்துவிடுகிறது என்கிறது 27-ஆம் பிரிவு. உரிமையாளருக்கு எதிராக அதுவரை நிலத்தை அனுபவித்து வந்தவருக்கு அது போய்விடும், இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறோம். எதிராளி அதைக் கேடயமாக வைத்துக்கொள்வது மட்டுமில்லை, அவரே வாதியாக வந்து உரிமை கேட்கவும் முடியும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அரசு நிலம் என்றால் அரசுக்கு 30 வருடம் உண்டு.

ஆனால் 12 வருடம் குடியிருந்தால் வாடகைக்காரருக்கு வீடு சொந்தம் என்று ஒரு வதந்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது. இங்கேயும் மூன்றாவது கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 12 வருடம் ஓடுவது, அவருடைய அனுபவம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து. வாடகைக்கு இருப்பவர், குத்தகைக்கு உழுபவர், பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்த உறவினர் இவர்கள் எல்லாம் அனுமதியின் பேரில் இருப்பவர்கள். முப்பது வருடம் இருந்தாலும் கடிகாரம் ஓடவே தொடங்கியிருக்காது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை விஷயமும் இப்படியே. பொதுச் சொத்தை அண்ணன் ஒருவரே பயிர் செய்து, கந்தாயம் என்கிற நிலவரி கட்டி, பட்டாவும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாலும், கூட்டு உரிமையாளரின் அனுபவம் எல்லோருக்குமான அனுபவம் என்றுதான் கோர்ட் தொடங்கும். உனக்கு இதில் பங்கே இல்லை என்று தங்கைக்குத் தெரியும்படி விலக்கியது எந்த நாள் என்பதை அண்ணன்தான் நிரூபிக்க வேண்டும். அப்படி ஒரு நாள் நிரூபணமானால் அங்கிருந்து 12 வருடம்தான். “அண்ணன்கிட்ட கேட்டேன், பத்திரம் காட்ட மாட்டேன்னு விரட்டிட்டாரு, அது ஆச்சு பதினாலு பதினைஞ்சு வருஷம்” என்று குறுக்கு விசாரணையில் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அவர் உண்மையைத்தான் சொன்னார். அண்ணனால் நிரூபிக்க முடியாமல் இருந்த தேதியை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மைனராக இருந்தபோது அப்பாவோ கார்டியனோ விற்ற சொத்தை மீட்கவும் 12 வருடம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆர்ட்டிகிள் 60, மேஜரான நாளிலிருந்து மூன்று வருடம் என்கிறது. 18 முடிந்தவர் 21 முடிவதற்குள் போட வேண்டும். கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, நிதானமாகப் பத்திரங்களைப் பார்க்க உட்காரும் வயதில் அது போய்விட்டிருக்கும்.

மோசடிப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டால், அது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம். நேற்றுத்தான் தெரிந்தது என்று வழக்குரையில் எழுதுவது சுலபம். எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்றை எடுத்துக் காட்டும்: நீங்களே நான்கு வருடத்துக்கு முன் பேங்க் லோனுக்காக வாங்கியது, அதில் அந்தப் பத்திரமும் ஒரு வரியாக இருக்கும். வில்லங்கம் வாங்கினால் அன்றே கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.

அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க ஒரே ஒரு வருடம். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம், அது தனிச் சட்டம், அங்கே தாமத மன்னிப்பும் உண்டு. செக் திரும்பியதற்கான கிரிமினல் வழக்கில் கெடு நாட்கணக்கில் ஓடும்: பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால் அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். அந்த வழக்கு நடக்கிறதே என்று இருந்துவிட்டு சிவில் கெடுவை விட்டவர்கள் நிறைய. இரண்டும் தனித்தனிக் கடிகாரங்கள்.

சம்மன் வந்து கண்டுகொள்ளாமல் விட்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானவர்களுக்கு: அதை நீக்கக் கேட்டு மனுப் போட 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாள். இங்கே தாமத மன்னிப்புக் கேட்க முடியும். ஜெயித்தவருக்கோ தீர்ப்பாணையை நிறைவேற்றிக்கொள்ள 12 வருடம். தீர்ப்பாணை வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று பெட்டிக்குள் வைத்துவிடுபவர்கள் இதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டின் அசல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அனுப்பிய நோட்டீசின் நகலும் தபால் அட்டையும், அம்மாவின் பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுக்கு இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்து வந்து கொடுப்பவர்கள்தான் அதிகம். உங்கள் வழக்கு பின்பக்கத்தில் இருக்கிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லேமினேஷன் செய்துவிடாதீர்கள், அந்த வரவுக் கையெழுத்து தன்னுடையது இல்லை என்று அவர் சொன்னால் நிபுணர் சோதனைக்கு அசல் தாளாகவே அனுப்ப வேண்டியிருக்கும்.